‘காணப்படவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

போன மாதம் சுகன்யா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புது மிஷின் வந்திருக்கிறதாம். ரத்தத்தைப் பக்குவம் செய்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி உள்ளே தள்ளிவிட்டால், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வருவதற்குள் விடை தயாராக இருக்குமாம். நாங்கள் அதே வேலைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம்.

“மேடம், ரிப்போர்ட்டையும் சின்னதாக்கச் சொல்றாங்க. ‘டிரான்ஸ்கிரிப்ட் காணப்படவில்லை’ன்னு ஒரே ஒரு வரி போதுமாம். நம்ம பழைய பாரத்துல நாலு வரி இருக்கே, அது எதுக்குன்னு கேக்குறாங்க. எனக்குச் சரியா சொல்ல வரல. நீங்க எழுதிக் குடுங்க, நான் எல்லாருக்கும் காட்டுறேன்.”

“அஞ்சு வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்தியே, என்னதான்டி கத்துக்கிட்ட?”

“நீங்க திட்டினீங்க, நான் கேட்டுக்கிட்டேன் மேடம்” என்றாள். கெட்டிக்காரப் பெண்.

ஆகவே எழுதுகிறேன். தன்னடக்கமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த நாலு வரிகள் பிறந்த கதையில் எனக்குப் பங்கு உண்டு. அதில் ஒரு பங்கு தப்பு, மீதி நான் பெருமைப்படுகிற விஷயம். இரண்டையும் சொல்கிறேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் புதுச்சேரி, நெல்லித்தோப்பு. லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, ரத்த வகை பார்ப்பதிலும் மலேரியாவுக்கு ரத்தம் பூசிய கண்ணாடி பார்ப்பதிலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன். பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரியில் மூலக்கூறு பரிசோதனைக்கு என்று தனியாக ஒரு அறை கட்டி, ஏ.சி. போட்டு, வெளியூருக்கு மூன்று மாதம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எனக்கு ஆர்.என்.ஏ. என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. அதற்கு என் அப்பா செய்த வேலைதான் உதவியது.

அப்பா ஒரு நொத்தேரிடம் படி எழுதுபவராக இருந்தார். நொத்தேர் என்றால், பிரெஞ்சுக் காலத்திலிருந்து இந்த ஊரில் பத்திரம் எழுதிக் காப்பாற்றி வைக்கிற அதிகாரி. மூலப் பத்திரம் அவருடைய அலமாரியை விட்டு வெளியே வராது. யாருக்கு எந்தப் பத்திரம் தேவையோ அதற்கு மட்டும் அப்பா ஒரு படி, அதாவது நகல், எழுதிக் கொடுப்பார். வேலை நடப்பது அந்தப் படியை வைத்துத்தான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் நடப்பது இதேதான். டி.என்.ஏ. மூலப் பத்திரம். அது உட்கருவை விட்டு வெளியே வராது. எந்த மரபணு வேலை செய்ய வேண்டுமோ அதிலிருந்து செல் ஒரு படி எடுக்கிறது. அந்தப் படி ஆர்.என்.ஏ.வால் ஆனது. அதற்குத்தான் டிரான்ஸ்கிரிப்ட் என்று பெயர். படி வெளியே போய், அதைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. வேலை முடிந்ததும் படி அழிந்துவிடும். மூலம் ஆயுசுக்கும் இருக்கும், படி கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆகவே ஒரு மரபணுவின் டிரான்ஸ்கிரிப்ட் ரத்தத்தில் இருக்கிறது என்றால், அந்த மரபணு இப்போது, இந்த நேரத்தில், வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நாங்கள் தேடியது ஒரு கள்ளப் படியை. ஒரு வகை ரத்தப் புற்றுநோயில், இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டு மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. சேரக் கூடாத இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன. அதிலிருந்து எடுக்கப்படும் டிரான்ஸ்கிரிப்ட் பாதி இதிலும் பாதி அதிலுமாக இருக்கும். அப்படி ஒரு படி ஆரோக்கியமான உடம்பில் இருப்பதற்குக் காரணமே இல்லை. இந்த நோய்க்கு இப்போது மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பிட்டால் ஆள் வேலைக்குப் போகலாம், கல்யாணத்துக்குப் போகலாம், சண்டை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்து, அந்தக் கள்ளப் படி எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணுவது எங்கள் வேலை.

எங்கள் தலைவர் டாக்டர் ரஹ்மத்துல்லா. ஊரில் பல தலைமுறையாக ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். துணி வாங்குகிறவர் நூலைப் பிரித்துப் பார்ப்பது போல அவர் மிஷின் தரும் கோடுகளைப் பார்ப்பார். உட்கார மாட்டார். காகிதத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், ஒரு இரும்பு ஸ்கேலை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்து நகர்த்துவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “நீங்க கொஞ்சம் இங்க வரீங்களா” என்று அவர் சொன்னால், அன்றைக்குச் செய்த வேலை முழுவதையும் மனசுக்குள் ஒரு தடவை புரட்டிக்கொண்டுதான் போவேன்.

ஆர்.என்.ஏ.வைப் போலத் தொட்டாச்சிணுங்கி எதுவும் இல்லை. நம் விரல் நுனியில், எச்சிலில், வியர்வையில் எல்லாம் அதைத் தின்று தீர்க்கிற நொதி இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். மூடி திறந்த குழாய்க்கு மேலே பேசக் கூடாது. புதிதாகச் சேர்ந்தபோது நான் கையுறையோடு மூக்கைச் சொறிந்துகொண்டேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். புது ஜோடி கையுறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் நாலு ஜோடி வைத்தார். அன்றைக்கு நின்றது என் மூக்கு அரிப்பு.

ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, ரோஜா நிறத் திரவத்தில் கரைத்து, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றினால் மூன்று அடுக்காகும். அடியில் ரோஜா நிறம். நடுவில் வெள்ளையாக ஒரு ஏடு. மேலே தண்ணீர் போலத் தெளிந்தது, ஆர்.என்.ஏ. இருப்பது அதில்தான். நடு ஏட்டைத் தொடாமல் மேலே இருப்பதை மட்டும் உறிஞ்ச வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று பிப்பெட்டை இறக்கினால் எல்லாம் கெட்டது. அதில் ஆல்கஹால் சேர்த்து மறுபடி சுழற்றினால், குழாயின் அடியில் ஒரு சர்க்கரைத் துணுக்கு அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மனுஷருடைய மூன்று மாதக் கவலைக்கு விடை அதற்குள் இருக்கும். அதைக் கீழே சிந்தாமல் கழுவ வேண்டும். நான் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை, சுகன்யாவைக் கேட்டாலும் சொல்வாள்.

எண்ணும்போது இரண்டு எண்ணிக்கை எடுப்போம். ஒன்று, கள்ளப் படி எத்தனை. இன்னொன்று, எல்லோருடைய ரத்தத்திலும் இருந்தே தீர வேண்டிய ஒரு நல்ல மரபணுவின் டிரான்ஸ்கிரிப்ட் எத்தனை. அது எதற்கு? எடுத்த ஆர்.என்.ஏ. உயிரோடுதான் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. நல்ல படி ஆயிரக்கணக்கில் வந்து, கள்ளப் படி வரவில்லை என்றால், தேடினோம், இல்லை. நல்ல படியே வரவில்லை என்றால், நாங்கள் தேடவே இல்லை. புத்தகம் அதைக் கட்டுப்பாட்டு மரபணு என்று சொல்லும். டாக்டர் அதைச் சாட்சி என்பார். காலையில் வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “சாட்சி வந்தாரா, பிலோமினாம்மா?”

இதில் ஒரு கோளாறு இருந்தது. சாட்சியின் எண்ணிக்கை மிஷின் காகிதத்தில் இருக்கும், அலமாரியில் இருக்கிற ரெஜிஸ்டரில் இருக்கும். நோயாளி கையில் போகிற ரிப்போர்ட்டில் இருக்காது. அதில் ஒரே வரிதான்.

இப்போது வனிதாவைப் பற்றி.

வனிதா கனகசெட்டிக்குளத்துக்காரி. வடக்கே, புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற மீனவக் கிராமம். வீட்டுக்காரர் ஏழுமலை, சொந்தப் படகு. கல்யாணமாகி ஒரு வருஷத்தில் இவளுக்கு இந்த நோய் என்று தெரிந்தது. ஆறு வருஷமாக மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வருவாள், ரத்தம் கொடுப்பாள், என் ஜன்னலுக்கு வெளியே நின்று, “கொறஞ்சிருக்கா மேடம்?” என்பாள். “இன்னும் குழாயவே தொறக்கலம்மா” என்பேன். ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில்.

அவள் கவலை நோய் இல்லை, குழந்தை. அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு கருத்தரிக்கக் கூடாது. அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று வயது. அவளைப் பார்த்துவந்த புற்றுநோய் டாக்டர், எண்ணிக்கை கொஞ்ச காலமாகவே மிகக் குறைவாக இருக்கிறது, அடுத்த தடவை ‘காணப்படவில்லை’ என்று வந்தால் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம், மாதாமாதம் கண்காணித்துக்கொண்டு குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த அடுத்த தடவை வந்தது சித்திரை மாதத்தில். வனிதா வரவில்லை. காலில் சுளுக்கு, கட்டுப் போட்டிருந்தார்கள். அவர்கள் தெருவில் இருந்த ஒரு நர்ஸ் வீட்டிலேயே ரத்தம் எடுத்துக் கொடுக்க, ஏழுமலை குழாயைக் கொண்டுவந்து கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழாய் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ரத்தம் உடைந்து, மேலே தெளிந்து நிற்க வேண்டியதும் சிவப்பாக இருந்ததைப் பார்த்தேன். ஊசியை அவசரமாக இழுத்திருப்பார்கள் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அது என் முதல் தப்பு.

டாக்டர் ரஹ்மத்துல்லா அந்த வாரம் காரைக்காலில் அக்கா மகளின் நிக்காஹ்வுக்குப் போயிருந்தார். அவர் இல்லாதபோது கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன். பன்னிரண்டு பேருடைய விடை வந்தது. வனிதாவுக்குக் கள்ளப் படி பூஜ்யம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷமாக என் ஜன்னலில் நின்று கேட்டவளுக்கு இன்றைக்கு நல்ல பதில் இருக்கிறது என்ற நினைப்பில், பக்கத்தில் இருந்த சாட்சிக் கட்டத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அன்று மதியமே ஏழுமலை வந்து ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாட்சி எண்ணிக்கையை ரெஜிஸ்டரில் கையால் எழுதி வைக்க வேண்டும் என்பது டாக்டர் போட்ட சட்டம். கம்ப்யூட்டரில் இருப்பதை எதற்கு மறுபடி எழுதுவது என்று நான் வருஷக்கணக்காக முணுமுணுத்திருக்கிறேன். மறுநாள் காலை முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். அறுபத்திரண்டாயிரம். எண்பதாயிரம். நாற்பத்தெட்டாயிரம். ஏழாவது பெயர் வனிதா. ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

பேனா அப்படியே நின்றுவிட்டது. குறைந்தது பத்தாயிரமாவது இருக்க வேண்டும். ஐந்நூறு என்றால் அந்த ரத்தத்தில் ஆர்.என்.ஏ. செத்துக் கிடந்திருக்கிறது. நல்ல படியே இல்லாத இடத்தில் கள்ளப் படி எப்படி இருக்கும்? நான் தேடவே இல்லை. தேடியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண் ரிப்போர்ட்டில் இல்லை. ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்க டாக்டரைத் தவிர ஆளில்லை. அவர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. அடுத்த தடவை ரத்தம் வரும்போது சரியாகிவிடும் என்று ஒரு குரல் எனக்குள்ளும் பேசியது. ஒரு நிமிஷம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து புற்றுநோய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

“நேத்து சாயங்காலமே வந்து காட்டிட்டாரே, நிறுத்தச் சொல்லிட்டேனே” என்றார் அவர்.

அடுத்து காரைக்காலுக்குப் போன். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம். டாக்டர் முழுவதும் கேட்டார்.

“ரிப்போர்ட் அவங்க கைக்குப் போயிடுச்சா?”

“போயிடுச்சு டாக்டர். போன் பண்ணிப் பாத்தேன், எடுக்கல.”

“போன்ல சொன்னாலும் பேப்பர் அங்கயே இருக்கும்மா. நாளைக்கு வேற டாக்டர்கிட்ட போனா அதத்தான் காட்டுவாங்க. பேப்பர் திரும்பி வரணும். நீங்க போக முடியுமா? முடியலன்னா நான் கெளம்பி வரேன்.”

“நான் போட்ட கையெழுத்து டாக்டர். நானே போறேன்.”

இரண்டு ஊதா மூடிக் குழாய், ஊசி, பஞ்சு, ஒரு சுத்தமான துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். லாஸ்பேட்டைத் திருப்பத்தில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது, என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

வனிதா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“மேடம்! நீங்களே வந்துட்டீங்களா! ஏங்க, எழுந்து வாங்க, யாரு வந்துகிறாங்க பாருங்க!” உள்ளே குரல் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நேத்து தெரு பூரா கேசரி குடுத்தோம் மேடம். உங்களுக்குத்தான் இல்ல. இருங்க, கலரு வாங்கியாரச் சொல்றேன்.”

ஏழுமலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். விடிகாலையில் கடலிலிருந்து திரும்பி, போனை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தார். நான் உட்காரவில்லை.

“ஏழுமலை, அன்னிக்கு ரத்தத்த எப்படிக் கொண்டுவந்தீங்க?”

அவர் முகத்திலும் பெருமைதான். உள்ளே போய், வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். படகில் மீன் போடுகிற பெட்டி.

“சித்திர வெயிலு மேடம். ரத்தம் கெட்டுடக் கூடாதுன்னு ராத்திரியே இதுல வச்சுட்டேன். ஐஸ ஒடச்சி, ரெண்டு கை கல்லுப்பு போட்டு, நடுவுல குழாயச் சொருவி மூடிட்டேன். காலையில பாத்தா கல்லு மாதிரி கீது. ஆஸ்பத்திரில நொழையறதுக்கு முன்னாடி இளகவுட்டு, தொடச்சி குடுத்தேன்.”

உப்புப் போட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிரும். கடலுக்குப் போகிற எல்லோருக்கும் அது தெரியும். மீனுக்கு அதுதான் சரி. ரத்தம் உறைந்தால் வெள்ளை அணுக்கள் உடைந்துவிடும். இளகும்போது ஆர்.என்.ஏ. முழுவதையும் அந்த நொதி தின்றுவிடும். எத்தனையோ பேர் வெயிலில் வைத்து ரத்தத்தைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு அக்கறையோடு கெடுத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாகச் சொன்னேன். ரத்தம் உறைந்து கெட்டுவிட்டது. கெட்ட ரத்தத்தில் எதைத் தேடினாலும் கிடைக்காது. அதை நான் கவனிக்காமல் ‘காணப்படவில்லை’ என்று எழுதிவிட்டேன்.

“மீனே ரெண்டு நாளு கெடாம இருக்குது. ரத்தம் கெட்டுடுமா?” என்றார் ஏழுமலை. கோபமாகக் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டார். பிறகு பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார்.

“உங்க மேல தப்பு இல்ல. ஐஸ்ல வைக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லல. வந்த ரத்தத்தப் பாத்து நான் கேட்டிருக்கணும்.”

வனிதா என் கையை விட்டுவிட்டாள்.

“கையெழுத்து போட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்ப இல்லன்னு சொன்னதும் நீங்க, இருக்குன்னு சொல்ல வந்துகிறதும் நீங்களா?”

“இருக்குன்னு சொல்லல வனிதா. தெரியலன்னு சொல்றேன்.”

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்ததோ, கேட்க அவளுக்கு அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். இருக்கிறது என்றால் அழலாம். இல்லை என்றால் கேசரி கொடுக்கலாம். தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்?

நொண்டிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்து வந்தாள். மேல் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. என் கையில் கொடுக்கவில்லை, நாற்காலியில் வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

“எடுத்துக்குங்க” என்றாள். ரத்தத்தைத்தான் சொன்னாள்.

எடுத்தேன். இரண்டு குழாயையும் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். ஏழுமலை தலையைத் தூக்கி, “ஐஸ் வேணாமா மேடம்?” என்று கேட்டார்.

“வேணாம்பா. சும்மா வச்சாலே போதும்.”

கிளம்பும்போது, மாத்திரையை நேற்று ஒரு நாள்தானே விட்டிருக்கிறாள், இன்றைக்கே மறுபடி தொடங்கும்படி புற்றுநோய் டாக்டர் சொன்னதையும் சொன்னேன். வனிதா உள்ளே போனாள். நான் ஸ்கூட்டரைத் திருப்பும்போது உள்ளேயிருந்து மாத்திரை அட்டை கிழிகிற சத்தமும் அழுகையும் சேர்ந்து கேட்டன. வழியெல்லாம் நானும் அழுதேன். ஹெல்மெட் போட்டிருந்தது வசதியாகப் போயிற்று.

அன்றைக்கே வேலையைத் தொடங்கி மறுநாள் முடித்தேன். சாட்சி எழுபதாயிரத்துக்கு மேல். கள்ளப் படி இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. முந்தைய தடவையைவிட ஒரு நூல் கூடுதலாகவே இருந்தது. அந்த நிலையில் மாத்திரையை நிறுத்தியிருந்தால் நோய் கிளம்பியிருக்கும், கரு வயிற்றில் இருக்கும்போது கிளம்பியிருக்கலாம் என்று புற்றுநோய் டாக்டர் சொன்னார்.

டாக்டர் ரஹ்மத்துல்லா ஊரிலிருந்து வந்ததும் நேராக ரெஜிஸ்டரை எடுத்து ஜன்னலுக்குப் போனார். தவறுகளை எழுதுவதற்கு என்று எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. நான் அதில் நடந்ததை எழுதி, என் பெயரைப் போட்டிருந்தேன். அவர் பேனாவைத் திறந்து, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினார்.

“டாக்டர், நீங்க ஊர்லயே இல்லையே.”

“பாரம் அச்சடிச்சது நான்தானேம்மா. சாட்சியக் கூப்பிட்டு உள்ளயே பூட்டி வச்சுட்டு, தீர்ப்ப மட்டும் வெளிய அனுப்பியிருக்கேன்.” நோட்டை மூடினார். “புதுசா அடிப்போம். எத்தன வரி வேணும், நீங்க சொல்லுங்க.”

நாலு என்றேன். கள்ளப் படி எத்தனை. சாட்சி எத்தனை. சாட்சி போதுமா, போதாதா. ரத்தம் எத்தனை மணிக்கு, எந்த நிலையில் வந்து சேர்ந்தது. கடைசி வரி முழுக்க என் யோசனை. போதாது என்று இருந்தால், ‘காணப்படவில்லை’ என்ற சொல்லையே அச்சடிக்கக் கூடாது, ‘சொல்ல இயலவில்லை, மீண்டும் ரத்தம் தரவும்’ என்றுதான் வர வேண்டும் என்றும் சண்டை போட்டேன். சண்டை போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவர் அதற்குள் எழுதிக்கொண்டிருந்தார். ‘ரத்தக் குழாயை ஐஸில் வைக்காதீர்கள், உப்பு ஐஸில் வைக்கவே வைக்காதீர்கள்’ என்று கவுண்டரில் ஒட்டியதும் நான்தான். உப்பு ஐஸ் எதற்கு என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. கடற்கரை ஊரில் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

சுகன்யா, உன் புது மிஷின் சாட்சியைத் தானே பார்த்துக்கொள்ளும், சரியில்லை என்றால் செல்லாது என்று சொல்லிவிடும் என்று எனக்குத் தெரியும். நல்ல மிஷின்தான். ஆனால் ரிப்போர்ட் மிஷினுக்குப் போவதில்லை. அதைப் படிக்கிறவருக்கு, நீங்கள் தேடினீர்கள், எதை வைத்துத் தேடினீர்கள் என்று தெரிய வேண்டும். ‘இல்லை’ என்று சொல்கிற உரிமை, ஒழுங்காகத் தேடினவனுக்கு மட்டும்தான் உண்டு. நாலு வரியையும் வைத்துக்கொள்ளச் சொல். நான் சொன்னேன் என்று சொல்.

வனிதா அடுத்த மூன்று தடவை என்னோடு பேசவில்லை. வந்தாள், ரத்தம் கொடுத்தாள், போனாள். ஜன்னல் பக்கம் வரவே இல்லை. கேள்வி கேட்டு நச்சரிக்க ஆள் இல்லாமல் எனக்குத்தான் வேலை ஓடவில்லை. நாலாவது தடவை அவள் ரிப்போர்ட்டை வாங்கிக் கவுண்டரிலேயே நின்று படித்தாள். இரண்டாவது வரியில் விரலை வைத்து, “இது எழுபத்தஞ்சாயிரம்னு போட்டுகிது. போதுமா?” என்று பொதுவாகக் கேட்டாள். “ஜாஸ்தியாவே இருக்கு” என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன். அன்றைக்கு நாங்கள் ராசியானோம்.

கள்ளப் படி முழுவதும் மறைய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அது இரண்டு வருஷம் தொடர்ந்து அப்படியே இருந்தால்தான் மாத்திரையை நிறுத்துவது பற்றிப் பேசலாம் என்று இந்தத் தடவை புற்றுநோய் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று வயது போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிறந்த நாளும் என் கணக்கில் ஏறுவது போல எனக்கு இருக்கும். கதை சொல்கிறவர்கள் நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. வனிதாவுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு எண்ணிக்கை மெல்ல எட்டிப் பார்த்தது, மாத்திரையை மறுபடி தொடங்கினாள், அடங்கிவிட்டது. தாயும் பிள்ளையும் சௌக்கியம்.

ஆனால் நான் இத்தனை வருஷ வேலையில் எதை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று கேட்டால், அந்தக் குழந்தையைச் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு நான் என்ன செய்தேன்? நான் நினைப்பது அதற்கு முந்தி ஒரு காலை. அந்த இரண்டு வருஷத்தின் கடைசி ரிப்போர்ட். சாட்சி எண்பத்தோராயிரம். கள்ளப் படி காணப்படவில்லை. நான் நாலு வரியையும் இரண்டு தடவை படித்தேன், டாக்டர் ஸ்கேலை வைத்து ஒரு தடவை படித்தார், இருவரும் கையெழுத்துப் போட்டோம். கவுண்டருக்கு அனுப்பாமல் நானே வனிதாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

அந்தப் பக்கம் அழுகிறாளோ என்று காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். அழவில்லை.

“மேடம், இந்தப் பேப்பரையும் திருப்பி வாங்கிக்க வருவீங்களா?”

“வர மாட்டேன் வனிதா” என்றேன். “இது உன்னுது.”